வாவ்ரா அழித்த வடு

தபோதரன் செத்து இரண்டு கிழமை ஆகவில்லை, அதற்குள் அவருடைய முகத்துக்கு ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். அதன் அட்டையில் எந்தப் படத்தைப் போடுவது என்பதுதான் சண்டை. சுந்தரேஸ்வரி அவருடைய மனைவி, முப்பத்து நாலு வருடம் கூட இருந்தவள். அவளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காமலே முடிவெடுத்தவர் தபோதரனின் தமையன் இராசலிங்கம். கொலோனிலிருந்து நாள் தவறாமல் வந்து, சோபாவின் நடுவில் குந்தியிருந்து, தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"அந்தக் கோட்டுப் படம்தான். அதில தம்பி ராசா மாதிரி."

எண்பதுகளில் ஒரு சின்ன ஜெர்மன் நகரத்து அகதி முகாமில் தபோதரனோடு வந்து விழுந்த தமிழ்ப் பெடியன்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோட்டுத்தான் இருந்தது. அது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த வாவ்ரா என்ற செக் நாட்டுக் கிழவருடையது. ஊரில் பெண் பார்க்கிறார்கள், படம் அனுப்ப வேண்டும் என்று போய் நின்றால், கிழவர் அந்த நீலக் கோட்டை மாட்டிவிடுவார். மெலிந்த உடம்புக்குத் தொளதொளவென்று தொங்கினால் முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கிளிப்பால் இறுக்கிவிடுவார். முன்னுக்குப் பார்த்தால் மாப்பிள்ளை, பின்னுக்குப் பார்த்தால் உடுப்புக் கொடி. யாழ்ப்பாணத்தில் ஒரே தெருவில் மூன்று வீட்டுக்கு அந்தக் கோட்டு வந்து சேர்ந்து, ஜெர்மனியில் கவண்மேந்தே எல்லாருக்கும் கோட்டுக் கொடுக்கிறது என்று சனம் கதைத்ததும் உண்டு.

இப்போது அந்தப் பெடியன்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போகிறவர்கள் எல்லாரும் நினைவு மலரின் அட்டையில் அதே கோட்டோடு நிற்கிறார்கள். சுந்தரேஸ்வரியின் அலுமாரியில் அப்படி ஒரு கட்டு மலர் கிடக்கிறது. ஆட்கள் வேறு, கோட்டு ஒன்று.

கோட்டைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். முகத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தபோதரனின் இடது கன்னத்தில், காதுக்குக் கீழே தொடங்கி வாயின் கடைவரை வளைந்து வருகிற ஒரு வடு இருந்தது. ஷெல் துண்டு கீறியது. மாநிறக் கன்னத்தில் வெளுத்த மினுக்கமாகத் தெரியும். வடுவோடு படம் போனால் எவன் பெண் கொடுப்பான் என்று இராசலிங்கம்தான் தம்பியை வாவ்ராவிடம் கூட்டிப்போனார். கிழவர் ஒரு இரவில் அதை இல்லாமல் ஆக்கிவிட்டார். வழவழவென்று ஒரு கன்னம் யாழ்ப்பாணம் போனது. அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தான் சுந்தரேஸ்வரியின் வீட்டில் ஓம் சொன்னார்கள்.

அவள் விமானத்தால் இறங்கி அந்தக் கன்னத்தைத் தேடினால், அங்கே நின்றது தாடிக்காரன் ஒருவன். தன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து தபோதரனுக்குத் தன் முகம் பிடிக்காமல் போயிருந்தது. படத்தில் இருப்பதுதான் சரியான முகம், கண்ணாடியில் இருப்பது பிழை என்று அவருக்குப் பதிந்துவிட்டது. தாடியை வளர்த்தார். கலியாண வீட்டுக்கும் தாடி, பாஸ்போட்டுக்கும் தாடி, மகளின் சாமத்தியச் சடங்குக்கும் தாடி. தாடிக்குள் விரலை விட்டு அந்த வடுவைத் தடவிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். "வடிவா இருக்கு, எடுத்துவிடுங்கோவன் அந்தச் சனியன் தாடியை" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள். "சும்மா சொல்லாதையும்" என்று விடுவார். அவ்வளவுதான். வேறு எந்த விசயத்திலும் அவள் சொல்வதைக் கேட்கிற மனிதன், இந்த ஒன்றில் மட்டும் அந்தச் செக் கிழவரை நம்பினார்.

கடைசியில் வைத்தியசாலையில் புற்றுநோய் மருந்து ஏறித் தாடி கொட்டியபோது வடு வெளியே வந்தது. அந்தக் கேடுகெட்ட நாட்களிலும் அவளுக்கு அது ஒரு சந்தோசமாக இருந்தது. அவரோ டொக்டர் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த நேரத்தில் படம் எடுக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே வடுவோடு அவருக்கு ஒரு படம்கூட இல்லை. சுந்தரேஸ்வரிக்கு வேண்டியது அந்த ஒரு படம்தான். நாலு சனம் பார்க்க, அந்த முகம் அட்டையில் வரவேண்டும்.

மலர் அடிக்கிற நரேஷ் உதவிக்கு வந்தான். உதவியாம். வட்சப்பில் மாதிரி அட்டை ஒன்று அனுப்பினான். பின்னால் நீர்வீழ்ச்சி, பக்கத்தில் இரண்டு அன்னம், கோட்டுப் படத்து முகத்தின் கீழே யாரோ ஒருவருடைய பட்டு வேட்டி சால்வை. அந்த யாரோ ஒருவரின் விரலில் ஒரு பச்சைக்கல் மோதிரம் வேறு.

"வடுதானே அக்கா வேணும்? கொம்பியூட்டரில போட்டுவிட்டிருக்கிறன் பாருங்கோ" என்றான்.

போட்டிருந்தான். வலது கன்னத்தில். சினிமா வில்லனுக்குப் போடுகிற மாதிரி, தையல் போட்ட அடையாளத்தோடு.

"தம்பி, எனக்குக் கீறின வடு வேண்டாம். அவற்ற வடு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது. வாவ்ரா நெகட்டிவில் பென்சிலால் தீட்டித்தான் வடுவை மறைத்தார் என்று தபோதரன் சொல்லியிருக்கிறார். பென்சில் என்றால் துடைக்கலாம்தானே. நெகட்டிவ் எங்கேயாவது இருந்தால், துடைத்துவிட்டால், கீழே அவர் இருப்பார். மகள் கம்சனா தேடிப் பார்த்தாள். கிழவர் செத்துப் பல வருடம். ஆனால் அவருடைய மகள் ஹானா அதே ஊரில் இருந்தாள், பெட்டி பெட்டியாக நெகட்டிவ் வைத்துக்கொண்டு. போன் எடுத்தால், முன்கூட்டியே நாளும் நேரமும் குறிக்க வேண்டும், டெர்மின் வேண்டும் என்றாள் அந்த மனிசி. தன் சொந்த வீட்டுக் குசினிக்கு வர டெர்மின். அதுவும் வியாழக்கிழமை பின்னேரம் மட்டும்தானாம்.

வியாழக்கிழமை போனார்கள். ஹானாவுக்கு எழுபது வயதிருக்கும். கேக் வெட்டி வைத்து, கோப்பி ஊற்றி, வந்த விசயத்தைச் சொல்ல விடாமல் தகப்பனின் கதையை எடுத்தாள். சுந்தரேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

செக் நாட்டு மொராவியாவில் ஒரு சந்தைச் சதுக்கம், அங்கே வாவ்ராவின் தகப்பன் நடத்திய ஸ்டூடியோ. ஊரில் பிறந்தவன், படையில் சேர்ந்தவன், தாலிக்குப் பதில் மோதிரம் மாற்றியவன் எல்லாரும் அந்தக் கமராவுக்கு முன்னால் வந்தவர்கள்தான். பிறகு அரசாங்கம் கடையை எடுத்துக்கொண்டது. சொந்தக் கடையிலேயே சம்பளத்துக்கு நின்றார் வாவ்ரா. ஊர்க் கட்சிச் செயலாளரின் மூக்கிலிருந்த பருவைக்கூட அழித்துக் கொடுத்தாராம். ரஷ்யத் தாங்கிகள் நாட்டுக்குள் வந்த அறுபத்தெட்டில் ஒரு லென்ஸ், நெகட்டிவைத் திருத்துகிற ஒரு ரீடச் மேசை, தன் நீலக் கலியாணக் கோட்டு, வளர்ந்த ஒரு மகள், இவ்வளவோடும் எல்லை கடந்து வந்து இந்த ஊரில் இறங்கினார். இங்கே ஜெர்மன்காரர் ஒருவரும் அவரைத் தேடவில்லை. பழைய பாணி என்றார்கள். கடையை மூடுகிற நிலையில்தான் தமிழ்ப் பெடியன்கள் வந்தார்கள்.

"அப்பா சொல்வார், இந்தப் பையன்கள் வந்த பிறகுதான் நான் மறுபடியும் போட்டோக்காரன் ஆனேன் என்று" என்றாள் ஹானா. "அடுத்த வருடம் நகரசபை மண்டபத்தில் கண்காட்சி வைக்கப்போகிறேன். அவருடைய பெயரில் இந்த ஊரில் ஒரு நினைவுத் தகடுகூட இல்லை."

கம்சனா மெல்ல விசயத்தைச் சொன்னாள். ஹானாவின் முகம் மாறியது.

"துடைப்பதா? முடியாது. படம் எடுப்பது ஒரு நொடி வேலை. அப்பாவின் உண்மையான வேலை அந்தப் பென்சில்தான். அதைத் துடைத்தால் பிறகு எதைக் காட்சிக்கு வைப்பது?"

சுந்தரேஸ்வரிக்குப் பொறுமை அத்தோடு தீர்ந்தது. அவள் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் கத்திப் பேசிப் பழகிய ஜெர்மன் பேசுகிறவள். கோபம் வந்தால் டெர், டீ, டாஸ் என்று ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாக வந்து விழும். விழட்டும் என்று பேசினாள்.

"உங்கட அப்பாவின்ர பென்சிலோட நான் முப்பத்து நாலு வருசம் குடும்பம் நடத்தினனான். என்ர மனிசனுக்கு அவற்ற முகம் பிழை எண்டு சொல்லிக் குடுத்தது அந்தப் பென்சில்தான். நான் வடிவெண்டு சொல்ல அவர் நம்பேல்ல. உங்கட அப்பாவைத்தான் நம்பினவர். தகடு உங்களுக்கு வேணுமெண்டா வையுங்கோ. முகம் என்ர."

ஹானா கேக்குத் தட்டை ஓரமாக நகர்த்தினாள். பிறகு எழுந்து நிலவறைக்குப் போனாள். திரும்பி வர நேரமெடுத்தது. கையில் ஒரு உறை, கக்கத்தில் கண்ணாடி பதித்த ஒரு சாய்வுப் பெட்டி. பெட்டிக்குள் விளக்கைப் போட்டு, உள்ளங்கை அளவு நெகட்டிவை அதன்மேல் வைத்தாள்.

தபோதரன் அங்கே இருந்தார். தலைமயிர் வெள்ளை, சட்டை கறுப்பு. இருபத்தேழு வயதில் நரைத்துப்போய்.

ஹானா பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். நெற்றியில் பென்சில் இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்தது. கன்னத்துக்கு வந்ததும் அவள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது பென்சில் இல்லை" என்றாள். "வெளுத்த வடு நெகட்டிவில் கறுப்பாக விழும். கறுப்பைப் பென்சிலால் மறைக்க முடியாது. கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறார். சுரண்டியது போனதுதான். கீழே ஒன்றும் இல்லை. என்னை மன்னியுங்கள்."

இவ்வளவு தூரம் வந்து, டெர்மின் எடுத்து, கேக்கும் தின்று, கடைசியில் ஒன்றும் இல்லை. சுந்தரேஸ்வரிக்கு எல்லார் மேலும் வெறுப்பாக வந்தது. சுரண்டிய கிழவர் மேலே, கூட்டிப்போன இராசலிங்கத்தார் மேலே, எல்லாவற்றுக்கும் மேலாக, பேசாமல் கதிரையில் இருந்து கன்னத்தைச் சுரண்டக் கொடுத்துவிட்டு வந்த அந்த மனிசன் மேலே.

"அம்மா, வாங்கோ போவம்" என்று கம்சனா அவளுடைய தோளைத் தொட்டாள். "நரேஷ் அண்ணாட்டச் சொல்லித் திருத்திச் செய்விப்பம்."

சுந்தரேஸ்வரி எழும்பவில்லை. விளக்குக்கு மேல் கிடந்த கன்னத்தைப் பார்த்துக்கொண்டே ஹானாவிடம் கேட்டாள்.

"இதில பென்சில் வைச்சால் படத்தில என்ன நிறம் விழும்?"

"வெள்ளை."

"அப்ப எனக்கு ஒரு பென்சில் தாங்கோ."

 தகப்பனின் நெகட்டிவில் ஒரு குசினிக்காரி கை வைப்பதா என்று ஹானா நினைத்திருக்கலாம். நினைத்தாளோ என்னவோ, முதலில் அதை அப்படியே ஸ்கேன் செய்து கணினியில் பத்திரப்படுத்தினாள். பிறகு லாச்சியைத் திறந்து, ஊசி மாதிரித் தீட்டிய ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். பழகிப் பார்க்க, படம் எடுக்கும்போது கண் சிமிட்டிவிட்ட யாரோ ஒரு மணப்பெண்ணின் பழுதான நெகட்டிவையும் தந்தாள். அந்தப் பாவப்பட்ட பெண்ணின் கன்னத்தில் சுந்தரேஸ்வரி வடு வடுவாகக் கீறித் தள்ளினாள். முதலில் கோடு தடித்தது, பிறகு நடுங்கியது, பிறகு கைக்கு வந்தது.

தபோதரனின் கன்னத்துக்கு வந்தபோது அவள் அவசரப்படவில்லை. இடைக்கிடை கண்ணை மூடி, பெருவிரலால் காற்றில் தடவிப் பார்த்தாள். காதுக்குக் கீழே மெல்லிசு. நடுவில் கொஞ்சம் அகலம், அங்கே விரல் வழுக்கும். வாய்க்குக் கிட்ட வரும்போது ஒரு சின்ன மேடு, பிறகு ஒரேயடியாக முடிந்துவிடும்.

"கொஞ்சம் நீளமாகப் போகிறது" என்றாள் ஹானா பின்னால் நின்று.

"நீங்களோ தடவிப் பார்த்தனீங்கள்?"

கம்சனா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்து இராசலிங்கத்தின் போன் வந்தது. எடுக்காவிட்டால் விடாமல் அடிப்பார். கம்சனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன பிள்ளை, முடிவோ? நரேஷ் காத்துக்கொண்டிருக்கிறான். கோட்டுப் படம்தானே?"

"ஓம் அண்ணை" என்றாள் சுந்தரேஸ்வரி, நெகட்டிவிலிருந்து பென்சிலை எடுக்காமலே. "கோட்டுப் படம்தான்."

"அதைத்தானே நான் முதல் நாளே சொன்னனான்" என்று அவர் வைத்துவிட்டார்.

கீறி முடிந்தது. ஹானா நெகட்டிவை மறுபடியும் ஸ்கேன் செய்து, கறுப்பையும் வெள்ளையையும் மாற்றினாள். கணினித் திரையில் மேலிருந்து கீழாக முதலில் தலைமயிர் வந்தது, நெற்றி வந்தது, கண் வந்தது. பிறகு கன்னம் வந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே, இருபத்தேழு வயதில், தாடி இல்லாமல், வடுவோடு தபோதரன் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒருநாளும் காணாத முகம். ஆனால் அவள் கைக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

"அம்மா" என்றாள் கம்சனா. "அப்பா இவ்வளவு வடிவோ?"

சுந்தரேஸ்வரி பென்சிலை மேசையில் வைத்தாள். "பாத்தீங்களோ?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். "நான் எத்தினை வருசமாச் சொன்னனான்."

சும்மா சொல்லாதையும் என்றாவது சொல்ல வேண்டிய மனிதன் பேசாமல் இருந்தார். வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்து, கடைசியில் அவள் வென்ற நேரம் பார்த்து ஆள் இல்லை. அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், முன்பின் தெரியாத ஒருத்தியின் குசினியில் இருந்து அவள் அழத் தொடங்கினாள்.