எட்டு கேமராவும் முன்வரிசையில்

சிபாவோ மலையடிவாரத்தில் எங்கள் மூன்று ஊர்களுக்கும் இணையம் வருவது ஒரே கோபுரத்தின் காற்றலை வழியாகத்தான். கோபுரம் டான் உல்பியானோவுடையது; 'டான்' என்றால் எங்கள் பக்கம் 'ஐயா' மாதிரி. எது முதலில் போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று வரிசை பிரித்துவிடுவது என் வேலை. கடிதம் காத்திருக்கும். நேரலைப் படம் காத்திருக்காது, கொஞ்சம் தாமதித்தாலும் முகம் உறைந்து நின்றுவிடும்.

மார்ச்சில் அம்மா இறந்தாள். நியூயார்க்கில் இருக்கும் அக்கா நேரிஸுக்கு அங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதம் இல்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. அடக்கத்தைக் கைபேசியில் காட்டுவதற்காக அந்த ஒரு மணி நேரம் எங்கள் இணைப்பை முன்வரிசையில் போட்டிருந்தேன். நான் கல்லறையில் நிற்கும்போது, அந்தப் பாவி உல்பியானோ தன் சேவல் சண்டை ஒளிபரப்புக்காக அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டான். பெட்டி குழிக்குள் இறங்கியதை அக்கா பார்க்கவே இல்லை. பாதிரியாரின் தூக்கிய கையை மட்டும் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

போய்க் கேட்டேன்.

"செத்தவங்களுக்கு என்ன அவசரம், டிக்னா? என் சேவலுக்குத்தான் அவசரம்," என்று பல்லைக் காட்டினான். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனாலும் நான் வேலையை விடவில்லை. வேண்டுமென்றேதான் இருந்தேன்.

ஜூலையில் பெரிய சேவல் சண்டைப் பந்தயம். நியூயார்க்கிலிருந்தெல்லாம் பணம் கட்டியிருந்தார்கள்.

"எட்டு கேமரா வெச்சிருக்கேன். எட்டையும் முன்வரிசையில போடு," என்றான்.

எங்கள் காற்றலை இரண்டுக்கு மேல் தாங்காது. எட்டும் முன்வரிசைக்கு வந்தால் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும். இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். நான் சொல்லவில்லை.

"எழுதிக் குடுங்க டான்," என்றேன். கையெழுத்தோடு கொடுத்தான்.

ஞாயிறு மதியம் அவன் சேவல் இரண்டாம் நிமிஷத்திலேயே ஜெயித்தது. களத்தின் கூச்சல் என் ஜன்னல் வரை கேட்டது. நியூயார்க்கில் திரையில் தெரிந்ததோ நாலு இறகு, அந்தரத்தில் அப்படியே. படத்தை நிறுத்திவிட்டுச் சேவலை மாற்றிவிட்டான், திருட்டுப்பயல் என்று அங்கே ஒரே வசவு.

உல்பியானோ மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஏதாச்சும் பண்ணும்மா! என் பேரே நாறுது!"

"ஆறு கேமராவ எறக்கினா சரியாயிடும்."

"எறக்கித் தொலையேன்!"

"இப்ப எறக்கி என்ன பிரயோசனம்? சண்டைதான் முடிஞ்சுபோச்சே."

என்னை முறைத்தான். "வேணும்னே பண்ணினியாடி?"

"ஆமா. அம்மாவ மறுபடி பொதைச்சுக் காட்டுங்கன்னு நான் யார்கிட்ட கேக்க முடிஞ்சுது? நீங்க வேணா உங்க சேவல மறுபடி ஜெயிக்கச் சொல்லுங்க."