நாற்பது முகத்துக்கு ஒரு கண்ணாடி

நோய்த்தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க அந்த நர்சிங் கல்லூரியில் ஒரு வி.ஆர். கண்ணாடி வாங்கினார்கள். ரிப்பன் வெட்டி, ஜெபம் செய்து, பிரின்சிபால் போட்டோவும் எடுத்துக்கொண்டார். முகத்தில் மாட்டினால் கண்முன்னே ஒரு வார்டு விரியும். நோயாளியைத் தொட்டுவிட்டுக் கை கழுவ மறந்தால், அதன்பின் தொட்ட இடமெல்லாம் சிவந்து காட்டும். நல்ல சாமான்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கும் அந்த ஒன்றுதான்.

ஒருத்தி கழற்றக் கழற்ற அடுத்தவள் மாட்டினாள். குளச்சல் கடற்கரைக்காரி பிரிஜாவின் முறை வந்தபோது ஓரத்துப் பஞ்சு வியர்வையில் ஊறிக் கிடந்தது. துடைக்கலாம் என்று ஸ்பிரிட்டை எடுத்தாள். பாடம் எடுத்த ஸ்மைலின் மேடம் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"கெட்டுப்போனா நீயா வாங்கித் தருவ? கொஞ்ச நேரம் போடுறதுல ஒண்ணும் வராது. மாட்டு."

அந்த வாரமே வகுப்பில் பிரிஜாவோடு பாதிப்பேருக்குக் கண் சிவந்து பீளை தள்ளியது. வெட்கப்பட வேண்டியவர்கள் வெட்கப்பட்டார்களா என்றால், அதுதான் இல்லை.

"கடப்புறத்துப் பிள்ளையள் கொண்டு வந்ததுதான். அங்க சுத்தம் எங்க இருக்கு?" என்றார் மேடம், அத்தனை பேர் முன்னாலும். மற்றவர்களுக்கு மருத்துவ லீவு. பிரிஜாவுக்கு மட்டும், மன்னிப்புக் கேட்காவிட்டால் பரீட்சை கிடையாது.

வீட்டில் மீன் விற்கும் அம்மை வியாகுலம்மாளுக்கும் கண்நோய் ஒட்டிக்கொண்டது. அந்தக் கண்ணைப் பார்த்தபின் அவளிடம் யார் மீன் வாங்குவார்கள்? விற்காத சாளை கருவாட்டுக்குப் போனது.

"மன்னிப்புக் கேட்டுரு மக்கா. படிப்பு போயிரக் கூடாது," என்றாள் அம்மை. பிரிஜாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. செய்யாத தப்புக்கு அம்மையும் சேர்ந்தல்லவா தலைகுனிகிறாள்.

மறுநாள் பிரின்சிபால் வகுப்புக்கே வந்துவிட்டார். பிரிஜாவை முன்னால் நிறுத்தினார்கள்.

"ம், மன்னிப்புக் கேளு," என்றார் மேடம்.

"எங்க தெருவுல எனக்குத்தான் சார் முதல்ல வந்தது. எனக்க அம்மைக்கு எங்கிட்டேருந்து வந்தது. எனக்கு இதுலேருந்து வந்தது."

மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்தாள். சிவந்த கண்களின் மேல் அதை அழுத்தி மாட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு கழற்றி, ஈரம் காயுமுன்னே மேடத்திடம் நீட்டினாள்.

"இப்ப நீங்க போடுங்க, மேடம்."

மேடம் பின்னால் நகர்ந்தார். முதுகு கரும்பலகையில் இடித்தது.

"ஏன் மேடம்? கொஞ்ச நேரம் போடுறதுல ஒண்ணும் வராதுன்னு சொன்னியளே."

பிரின்சிபால் திரும்பி மேடத்தைப் பார்த்தார்.

"துடைச்சிட்டுக் குடு," என்றார் மேடம்.

வகுப்பு முழுக்க அது கேட்டது. மன்னிப்பு என்ற பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. பிரிஜா துடைக்கவில்லை. கண்ணாடியை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.