சோபாவில் சொன்ன ‘ம்’

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஒன்றும் மண்டையைக் குடைந்து கண்டுபிடிக்கவில்லை. கால் நீட்டிப் படுத்துக்கொண்டு டிவி பார்த்தபோது மடியில் வந்து விழுந்தது. ‘நீங்க பாருங்க, நாங்க பாக்குறோம்’ என்று ஒரு நிகழ்ச்சி. சாதாரணக் குடும்பங்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதைக் கேமரா வைத்துப் பிடித்து நமக்குக் காட்டுவார்கள். நாம் நம் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்ப்போம். இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா என்று திட்டிக்கொண்டே ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தேன்.

அதில் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதையும் கொஞ்சம் மாற்றுவேன், கண்டுகொள்ளாதீர்கள்.

2

அன்று காலை ரத்தினபாய் கண்விழித்தபோது வானம்...

வேண்டாம். வானத்துக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?

முப்பது ஆண்டு மணவாழ்க்கையில் ரத்தினபாய் ஒருபோதும்...

இதுவும் வேண்டாம். இரங்கல் கூட்டத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது.

சரி, நேராகவே வருகிறேன். ரத்தினபாய் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஏற்காட்டில் ஒரு மாணவிகள் விடுதியில் அவளை வார்டனாக வரச்சொல்லிவிட்டார்கள். அங்கேயே தங்க வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆசை என்றால் அப்படியொரு ஆசை. ஸ்வெட்டர்கூட வாங்கி பீரோவில் ஒளித்து வைத்துவிட்டாள். பாக்கி ஒன்றுதான், கணவர் ஜெபசீலனிடம் கேட்பது.

3

ஜெபசீலனை முதலில் கொடுமைக்காரராக எழுதினேன். மனசு கேட்கவில்லை, எழுதியதை அடித்துவிட்டேன். நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தன் சட்டையோடு அவள் புடவையையும் அயர்ன் பண்ணுவார். டிவி பார்க்கும்போது ஆரஞ்சு உரித்து, நார் எடுத்து, முதல் சுளையைப் பக்கத்தில் நீட்டுவார். திரும்பிப் பார்க்காமலே நீட்டுவார். அவள் அங்கேதான் இருப்பாள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரே ஒரு கோளாறு. டிவி ஓடும்போது எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பார். அந்த வீட்டில் டிவி ஓடாத நேரமே கிடையாது. அப்புறம் “நான் எப்ப சொன்னேன்?” என்பார். ஒருமுறை அந்த ‘ம்’மை நம்பி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு தையல் மிஷின் வாங்கி வந்துவிட்டாள். “என்னை ஒரு வார்த்தை கேட்டியா ரத்னா?” என்று அவர் முகம் வாடிப்போனது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அடுத்த வெள்ளிக்கிழமை மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறெரிகிறது.

(என் மனைவி சத்யபிரியா சமையலறையிலிருந்து ஏதோ கேட்கிறாள். ‘ம்’ என்று சொல்லிவிட்டேன். எங்கே விட்டேன்?)

4

படப்பிடிப்பு. ஜெர்சன்தான் நிகழ்ச்சியின் டைரக்டர். கண்ணாடி போட்ட, பணிவான பையன்.

“அங்கிள், ஆன்ட்டி, கேமரா இருக்கிறதையே மறந்துடுங்க. எப்பவும் போல இருங்க,” என்றான்.

ஜெபசீலன் ஒரே நிமிடத்தில் மறந்துவிட்டார். கிரிக்கெட்டில் கடைசி ஓவர். ரத்தினபாய் மறக்கவில்லை.

“என்னங்க.”

“ம்.”

“ஏற்காட்டுல ஹாஸ்டல் வார்டன் வேலை கிடைச்சிருக்கு. வருஷம் பூரா அங்கேயே தங்கணும். நான் போகட்டுமா?”

“ம். போயிட்டு வா.”

ஒரு சுளை பக்கத்தில் நீண்டது. அவள் அதை வாங்கிக்கொண்டு நிதானமாகக் கேமராவைப் பார்த்தாள்.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: வேண்டுமென்றேதான் கடைசி ஓவரில் கேட்டாளா? எனக்குத் தெரியாது. கணக்கு டீச்சர் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.)

5

அது ஒளிபரப்பான அன்று ஜெர்சன் மறுபடி வந்தான். குடும்பங்கள் தங்களைத் தாங்களே டிவியில் பார்ப்பதையும் படம் பிடிப்பார்களாம். ஜெபசீலன் முறுக்குத் தட்டோடு தயாராக இருந்தார்.

“ரத்னா, டிவியில நான் கொஞ்சம் குண்டாத் தெரியறேன்ல?”

டிவிக்குள் இருந்த ரத்தினபாய், “நான் போகட்டுமா?” என்றாள். டிவிக்குள் இருந்த ஜெபசீலன், “ம். போயிட்டு வா,” என்றார்.

சோபாவில் இருந்தவர் கையில் முறுக்கு அப்படியே நின்றது.

“நான் எப்ப...” என்று ஆரம்பித்தார்.

ரத்தினபாய் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அந்த ‘ம்’மை வச்சுக்கிட்டே நான் கிளம்பிடலாம். ஊரே பாத்திருச்சு,” என்றாள். “ஆனா எனக்கு அது வேணாம். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நான் போகட்டுமா?”

அவர் திரும்பினார்.

6

இங்கே முடிவு வர வேண்டும். நிகழ்ச்சியில் பார்த்ததையே சொல்லலாமே என்பீர்கள். சரியாக அந்த இடத்தில் விளம்பரம் போட்டார்கள். விளம்பரம் முடிந்ததும் பள்ளிக்கரணையில் வேறொரு குடும்பம் வந்துவிட்டது.

நானே எழுதிப் பார்த்தேன். முதல் முடிவில் அவர் “போ” என்கிறார். அவள் போன பிறகு ஒருநாள் அவர் கை சுளையோடு பக்கத்தில் நீள்கிறது, வாங்க ஆளில்லை. அழ வைக்கிற வித்தை. எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டாவதில் “வேண்டாம்” என்கிறார். ரத்தினபாய் அவரை விட்டுவிட்டு என்னை முறைத்தாள், கிழித்துவிட்டேன். மூன்றாவதில் “நானும் வரட்டுமா?” என்கிறார். மாணவிகள் விடுதியில் இந்த மனுஷனை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான்காவதில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு...

ஒரு நிமிடம். வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது? “சத்யா,” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. பீரோ மேலிருந்த சூட்கேஸைக் காணோம். வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம்.

சற்றுமுன் எதற்கு ‘ம்’ சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்க் கேட்க வேண்டும். ஜெபசீலன் திரும்பிய முகத்தோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ரத்தினபாய் காத்திருக்கிறாள். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து யாரோ ஏதோ கேட்டார்களே, என்ன கேட்டார்கள்?