வெட்டு மேசைக்கு ஓர் அறை

அண்ணிக்கு ஒரு மேசை தேவைப்பட்டது. துணியை முழுதாக விரித்து, நின்றபடி வெட்டுவதற்கு ஏற்ற நீள மேசை. அதுவரை கூடத்துத் தரையில் துணியைப் போட்டு, முழங்காலில் நகர்ந்து நகர்ந்துதான் வெட்டிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் ஒரு மருத்துவமனைக்குத் திரைச்சீலைகள் தைக்கும் பெரிய வேலை வந்தது. அதை எடுத்து நடத்தும் ஒப்பந்தக்காரர் நேரில் வந்து பார்த்தார். தையலில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ஆள் நடக்கிற தரையில் போட்டு வெட்டிய துணியை நோயாளிக்குப் பக்கத்தில் தொங்கவிட முடியாது என்றார். திங்கட்கிழமை மறுபடி வருவார். மேசையும் அதற்கென்று தனி அறையும் இருந்தால் வேலை அண்ணிக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

மேசைக்குக் கவலையில்லை. தச்சர் ஞாயிறு காலையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அறைதான் சிக்கல். எங்கள் வீட்டுப் பின்னறை பேருக்குத்தான் அறை. உள்ளே போக வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும்.

பகலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நான், மாலையில் கட்டட வரைபட வகுப்புக்குப் போகிறேன். அதனால் அறையைக் காலி செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அண்ணி எனக்கு வைத்திருக்கும் பெயர் அளவுக்காரி. வெள்ளிக்கிழமை மாலை அறையை அளந்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து, மேசையின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி அதன்மேல் நகர்த்திப் பார்த்தேன். சுற்றி நடக்க இடம் வேண்டும், ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமிருந்து வர வேண்டும். இரண்டு முறை அளந்தும் நம்பிக்கை வராமல், அண்ணனை நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி மூன்றாவது முறையும் அளந்தேன். முதல் அளவுதான் வந்தது. "சுவரு ராத்திரியில நகராது, போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டான்.

சனிக்கிழமை காலை எல்லாரையும் பின்னறை வாசலில் கூட்டினேன். சாமான்மேல் பச்சைத் தாள் ஒட்டினால் அது வீட்டில் இருக்கும், சிவப்பு ஒட்டினால் போகும், சந்தேகமென்றால் மஞ்சள். எல்லாம் மஞ்சளாகிவிடும் என்றுதான் பயந்தேன். நடந்தது நேர்மாறு. ஒவ்வொருவரும் தங்கள் சாமானைப் பார்த்ததுமே சிவப்பு என்றார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கழற்றி மாற்றிய மாடி எண் பொத்தான்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அமுக்கினால் இன்னமும் டக்கென்று உள்ளே போய் வரும். போட்டுவிடு என்றார். மழலையர் பள்ளியில் வேலை பார்க்கும் அம்மா, அங்கே கழித்துக்கட்டிய குட்டி நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். போகட்டும் என்றார். அண்ணன் தன் உடற்பயிற்சி பெஞ்சைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இதையும் என்றான். அண்ணிக்கு அளவு பார்க்கிற தையல் பொம்மை ஒன்று உண்டு. தலை கிடையாது, இடுப்பில் விரிசல். அதையும் கொடுத்துவிடச் சொன்னார். நான் வகுப்புக்குச் செய்த அட்டை வீடுகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் சிவப்பு என்றேன்.

மத்தியானத்துக்குள் அறை காலி. சிவப்பு ஒட்டியதெல்லாம் முன்வாசல் நடையில் குவிந்துவிட்டது. பழைய சாமான் வாங்குகிறவர் ஞாயிறு காலை, மேசை வருவதற்கு முன்பே வந்து அள்ளிக்கொண்டு போவதாக ஏற்பாடு. இவ்வளவு சுலபமாக முடிந்ததே, எங்கேயோ தப்புச் செய்திருக்கிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் வகுப்புக்குக் கிளம்பினேன். போகிற போக்கில் ஒரு காரியம் செய்தேன். குவியலின் உச்சியில் தலையில்லாமல் நின்ற பொம்மையைப் பார்த்தால், அண்ணி ஏதோ எங்களுக்காகத்தான் அதைக் கொடுக்கிறார் என்று தோன்றியது. அதைத் தூக்கி என் அறையில் அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது குவியல் பாதியாகியிருந்தது. பழைய சாமான்காரர் முன்கூட்டியே வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய்க் கை தவறி மாவு டப்பாவைத் தட்டிவிட்டேன். உள்ளேயிருந்து டக்கென்று ஒரு சத்தம். மாவுக்கடியில் பிளாஸ்டிக் பையில் கட்டிய மாடி எண் பொத்தான்கள். குளியலறைப் பரணில் குட்டி நாற்காலிகள். கூடத்து மூலையில் புதிதாக ஒரு சின்ன மேசை முளைத்திருந்தது. விரிப்பைத் தூக்கினால் அண்ணனின் உடற்பயிற்சி பெஞ்சு. மேலே பூச்சாடி வேறு. பின்னறையில் இரண்டு மூட்டை வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டில் வேறு இடம் கிடைக்காதவர்களின் வேலை அது.

அண்ணி பின்னறை வாசலில் நின்று அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அளவு நாடா இருந்தது. மேசை நிற்க வேண்டிய இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் குறித்து வைத்திருந்தார். ஒரு மூட்டை அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது.

எல்லாரையும் மறுபடி கூட்டினேன். விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. யாரும் தன் சாமானை எடுக்கவில்லை. எல்லாரும் அடுத்தவர் சாமானை எடுத்திருந்தார்கள். பொத்தான்களை ஒளித்தது அம்மா. "உங்கப்பா வாய்தான் போடுன்னு சொல்லிச்சு. மருமகளுக்காக மனசைக் கல்லாக்கிக்கிட்டாரு பாவம்" என்றார். அம்மா ஆசையாகச் சேர்த்ததாயிற்றே என்று நாற்காலிகளைப் பரணில் ஏற்றியது அப்பா. எங்கள் வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றால், வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறார் என்று யாரும் நம்புவதில்லை. விட்டுக்கொடுக்கிறார் என்றே எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டில் கடைசித் துண்டு யாரும் தொடாமல் காய்ந்துபோவதும் இதனால்தான்.

பெஞ்சுக்கு விரிப்புப் போட்டது யார் என்று கேட்டேன். அண்ணிதான் மெல்லக் கையைத் தூக்கினார்.

"ஏங்க, எனக்கு அறை வேணும்னு நீங்க உங்க பொருளைத் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கிறீங்க. எனக்கு என்னமோ போல இருந்துச்சு."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அந்தப் பெஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் தொப்பைதான் ஞாபகம் வருது. அதை ஒழிச்சுக் கட்ட நல்ல சாக்குக் கிடைச்சுதுன்னு சந்தோஷப்பட்டேன். அதுக்குப் பூச்சாடி வேற."

முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"அளவுக்காரி, என் பொம்மை உன் அலமாரிக்குப் பின்னால என்ன பண்ணுது?"

"காத்து வாங்குது அண்ணி."

"அதோட இடுப்பு அளவு என் கல்யாணத்துக்கு முந்தினது. அதை வச்சு இனிமே யாருக்குத் தைக்கிறது? நிஜமாவே வேண்டாம்டி."

பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் உரித்துக் கசக்கிப் போட்டேன். நான் வண்ணங்களை யோசித்தேனே தவிர, எங்கள் வீட்டு ஆட்களை யோசிக்கவில்லை. புது ஏற்பாட்டில் ஒரே விதி: ஒரு சாமானைப் பற்றி அதன் சொந்தக்காரர் மட்டும்தான் வாய் திறக்கலாம். மற்றவர்கள் முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அம்மாவின் முகமே பத்துப் பேச்சுப் பேசும்.

சுவரைப் பார்த்தபடி நாலு பேர் நிற்க, ஒவ்வொருவராகச் சொன்னோம். பெஞ்சும் பொம்மையும் போயின. நாற்காலிகளில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும் என்று அம்மா சொல்ல, அவையும் போயின. கடைசியில் அப்பா முறை வந்தபோது, பொத்தான்களைப் போடச் சொல்லிவிட்டுக் குவியலைக் கிளறிக்கொண்டே இருந்தார். தேடுவது என்ன என்று கேட்டேன்.

"இங்க ஒரு கறுப்பு மெத்தைத் துண்டு இருந்துச்சும்மா."

அதைக் காலையில் நான்தான் கிழிசல் என்று யாரையும் கேட்காமல் குப்பை மூட்டையில் போட்டிருந்தேன். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்கிற நாளெல்லாம் அப்பா முழங்காலுக்கடியில் போட்டுக்கொண்ட மெத்தை அது. அத்தனை பேரும் ஒருவருக்காக ஒருவர் எதையெதையோ காப்பாற்றியிருந்தோம். அவருக்கு வேண்டியது இது ஒன்றுதான். அதை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டையை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தேன். தூசி தட்டி, முன்வாசல் படியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "இதுக்கு மேல யாரும் எனக்காக எதையும் எடுத்து வைக்காதீங்க" என்றார். முகத்தைப் பார்த்தேன். நிம்மதியாகத்தான் இருந்தார். இந்த முறை நம்பினேன்.

ஞாயிறு காலை பழைய சாமான்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனார். பின்னாலேயே தச்சரும் அவர் மகனும் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது அறைக்குள் போகிறவரை நான் மூச்சே விடவில்லை. சுண்ணாம்புக் கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது. அண்ணன் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, வயிற்றைத் தட்டிக் காட்டினான். எங்கும் இடிக்கவில்லை.

திங்கட்கிழமை ஒப்பந்தக்காரர் வந்தார். மேசையின் பலகையை ஓரம்வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். இப்பவே என்றார் அண்ணி.

சாயங்காலம் நான் வகுப்புக்குக் கிளம்பும்போது முதல் துணிக்கட்டு வந்து இறங்கியது. அண்ணி அதை மேசை நெடுக விரித்து, சுருக்கம் நீவி, நிமிர்ந்து நின்று கத்தரியை எடுத்தார். அம்மா, அப்பா, அண்ணன், நான் என நான்கு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தோம். அப்பா துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அம்மா விளக்கு போதுமா என்றார்.

"மாமா, அத்தை, ஒண்ணும் வேண்டாம். உண்மையாவே வேண்டாம். எனக்கு வேலை இருக்கு."

சொல்லிவிட்டு எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அந்தக் கதவைச் சாத்த முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருடமாய் அதன் பின்னால் ஏதாவது ஒன்று முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தது. உள்ளே கத்தரி பலகையை உரசிக்கொண்டு நிற்காமல் போகிற சத்தம் கேட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.