கூடைக்குக் கழிவு

டவுன் ஆஸ்பத்திரியில் பிரசவ வலியை நிறுத்துப் பார்த்துத்தான் கட்டில் கொடுப்பார்கள். வாசலிலேயே தராசு தொங்கும். வலியைக் கூடையில் இறக்கி வைக்க வேண்டும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வீட்டுக்கு. சும்மா சொல்லக்கூடாது, தராசு நல்ல தராசு.

தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் எடையில் கழிவு உண்டு. கூடைக்கு ஒரு கழிவு, பனி ஈரத்துக்கு ஒரு கழிவு, 'நீங்க எல்லாம் தாங்குற ஆக்கள்' என்று ஒரு கழிவு. டவுன் பெண்களும் அதே கூடையில்தான் வலியை வைத்தார்கள். அவர்கள் வைக்கும்போது கூடைக்குக் கனமில்லை. கழித்த வலியை ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளாது, கையோடு கொடுத்தனுப்பிவிடும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போதும் கழிப்பார்கள் என்பதால் பெண்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

யோகமலரின் முதல் பிள்ளை இந்தக் கழிவில்தான் போனது. கோட்டுக்கு மயிரிழை குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் லொறியிலேயே பிறந்து, லொறியிலேயே அடங்கிவிட்டது. அன்றைக்குத் தராசை மறுபடி பார்க்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இப்போது இரண்டாவது பிள்ளை. இதையும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் அங்கே பயத்தை நிறுப்பதில்லை.

காலையில் வந்து வலியைக் கூடையில் வைத்தாள். முள் கோட்டைத் தாண்டி நின்றது. தராசடியில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி ஒவ்வொன்றாகக் கழித்தாள். முள் இறங்கியது.

"எடை காணாது. வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

"போன வாட்டியும் இப்படித்தான் மிஸ்ஸி..." என்றாள் யோகமலர்.

அவளோடு கொழுந்தெடுக்கிற பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். மலையில் வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கொழுந்து குறைந்தால் ஆளுக்கொரு பிடி அள்ளி அவள் கூடையில் போடுவார்கள். மாரியாயி முன்னே வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மூத்தவனைப் பெற்றபோது இங்கே கழித்துக் கொடுத்த வலி அதில் அப்படியே இருந்தது.

"இந்தா தங்கச்சி, ஏம் பங்கு," என்று கூடையில் போட்டாள்.

அடுத்தவள் இரட்டைப் பிள்ளைக்காரி, இரண்டு கையாலும் தூக்கி வைத்தாள். செத்துப்போன அக்காவின் வலியைத் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள் இன்னொருத்தி. அது இன்னும் சூடாறவில்லை. தனக்காக இத்தனை பேரா என்று யோகமலர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெருமையில் அந்த வலியிலும் நிமிர்ந்து நின்றாள்.

"இப்பக் கழிங்க மிஸ்ஸி," என்றாள்.

மிஸ்ஸி கூடைக்குக் கழித்தாள், ஈரத்துக்குக் கழித்தாள், தாங்குவதற்கும் கழித்தாள். வந்த பாதைக்கென்று புதிதாக ஒன்றையும் கழித்துப் பார்த்தாள். முள் கோட்டுக்கு மேலேயே நின்றது. உள்ளேயிருந்து டொக்டர் தலை நிமிராமல், "ஜன்னலோரக் கட்டில்," என்றார்.

மத்தியானத்துக்குள் பெண் பிள்ளை பிறந்தது. முறைப்படி அதையும் அதே தராசில் வைத்தார்கள். மிஸ்ஸி முள்ளைப் பார்த்து, பழக்கதோஷத்தில் கூடைக்குக் கழித்து எடையைச் சொன்னாள்.

பிள்ளை கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தது.

"மறுபடி பாருங்க மிஸ்ஸி," என்றது.

மிஸ்ஸி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். முழு எடையையும் சொன்னாள்.