மூன்றாவது இடம்

கஞ்சிக் கரண்டி வாயருகே வந்ததும் சோமசேகரம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஞானாம்பிகை கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். அவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"மார்க்கண்டு இன்னும் சுன்னாகத்திலைதானே இருக்கிறான்?"

அவள் கை அப்படியே நின்றது. சித்தப்பாவின் பெயரை அப்பாவின் வாயால் கேட்டு எத்தனையோ வருடங்களாகிவிட்டன.

"ஓம் அப்பா. அங்கைதான். தண்ணிப் பம்ப் திருத்திறார்."

"போய்க் கூட்டிக்கொண்டு வா. அந்த மூண்டாவது இடத்தைப் பற்றி அவனோடை ஒருக்காக் கதைக்க வேணும்."

கதவடியில் நின்ற அம்மா நாகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "தம்பியைப் பாக்க ஆசையாக் கிடக்கெண்டு சொல்லுங்கோவன். உந்தக் கார்க்கதை இப்பவும் வேணுமே?"

"ரண்டும் ஒண்டுதான்" என்றார் சோமசேகரம்.

கால் இரண்டும் வீங்கி, நீர் நெஞ்சுவரை ஏறியிருந்தது. வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதன் பொருள் அவருக்கும் தெரியும்; மற்ற இருவருக்கும் தெரியும்.

மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சனோடு மானிப்பாய்க்குத் திரும்பியவர் அவர். அப்படித் திரும்பிய மற்றவர்கள் காணி வாங்கினார்கள், கோயில் தர்மகர்த்தா ஆனார்கள், வழக்குப் பேசினார்கள். சோமசேகரம் மேசையொன்றை யன்னலோரம் இழுத்துப்போட்டு, இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் நடந்த சிறிய எஞ்சின் கார்ப் பந்தயங்களின் முடிவுகளைத் திரட்டத் தொடங்கினார். ஆயிரத்து நூறு சீ.சீ.க்கு மேற்பட்ட கார் அவருக்குக் கணக்கில்லை. பெரிய கார்களைப் பற்றி எழுத உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், இதுகளுக்கு ஒருவரும் இல்லை என்பார். இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற பல்வைத்தியர் ஒருவரும் இத்தாலியில் அச்சகக்காரர் ஒருவரும் அவரைப் போலவே இதில் விழுந்தவர்கள். மூன்று பேரும் தபாலிலேயே சிநேகிதர்கள். சண்டிலிப்பாயில் படிப்பிக்கும் ஞானாம்பிகை பள்ளிக்கூடம் விட்டு வந்து எல்லாவற்றையும் தட்டச்சில் அடித்துக் கொடுப்பாள்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. "ரண்டு வாய் சொன்னால்தான் ஒரு வரி." நேரில் கண்ட இருவர், அல்லது ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு பத்திரிகைகள் ஒத்துச் சொல்லாவிட்டால் எந்தப் பெயரும் தாளில் ஏறாது.

அந்த விதியால்தான் தம்பி வீட்டுக்கு வராமல் போனார். ஈப்போவுக்கு வடக்கே, ஒரு சுரங்க ஊரில் இருபத்தேழாம் ஆண்டு நடந்த பந்தயம் அது. மார்க்கண்டு அப்போது ஒரு சீனரின் கார் திருத்தும் கராச்சில் வேலை பழகிய பொடியன். முதலாளி ஆ லோக் கார் ஓட்ட, பக்கத்தில் இருந்துபோன மெக்கானிக் அவர்தான். கையெழுத்து வடிவென்று முடிவுக் கோட்டடியில் கார்களைக் குறிக்க நிறுத்தப்பட்டிருந்தவர் சோமசேகரம். மூன்றாவதாக வந்த அவர்களுடைய கார் கோட்டுக்குக் கிட்ட வந்து எஞ்சின் நின்றுபோனது. மெக்கானிக் இறங்கித் தள்ளினால் அந்தக் கார் கணக்கில் இல்லை. கோட்டைத் தாண்டித்தான் இறங்கினேன் என்றார் மார்க்கண்டு. தாண்ட முன்னம் நிலத்தில் கால் கண்டேன் என்றார் சோமசேகரம். அதற்குள் மழை கொட்டி, சனம் கலைந்து, மூன்றாம் இடத்தை ஒருவரும் அறிவிக்கவேயில்லை. கிளப்பில் இருந்த கடதாசிகள் ஜப்பான்காரன் வந்தபோது எரிந்துபோயின. காரோட்டிய சீனரும் அந்தப் போரோடு முடிந்தார். மிச்சம் இரண்டு வாய்கள்தான். இரண்டும் இரண்டு சொல்லின. சோமசேகரம் மூன்றாவது இடத்தை வெறுமையாக விட்டார். ஒருநாள் அந்தத் தாளைக் கண்ட மார்க்கண்டு, "என்ரை அண்ணையே என்னைப் பொய்யன் எண்டு எழுதிப்போட்டார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனவர்தான்.

பஸ்ஸில் போகும்போது ஞானாம்பிகை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே போனாள்.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால், தகரக் கொட்டிலில், மார்க்கண்டு ஒரு பம்பைக் கழற்றிப் பரப்பியிருந்தார். பம்புக்குச் சொந்தக்காரர் வாங்குப் பலகையில் காத்திருந்தார். அவருடைய தோட்டத்தில் வெங்காயம் தண்ணீரில்லாமல் நின்றது.

"அப்பாவுக்குக் கடுமை, சித்தப்பா. உங்களைக் கேக்கிறார்."

மார்க்கண்டு நிமிரவில்லை. "கேள்விப்பட்டனான்."

"அந்த மூண்டாவது இடத்தைப் பற்றிக் கதைக்க வேணுமாம்."

கையிலிருந்த திருகுசாவியைச் சாக்கின்மேல் வைத்தார். "நான் என்ன புதிசாச் சொல்ல? சொல்ல வேண்டியதை அப்பவே சொல்லிப்போட்டன். சாகப்போற நேரத்திலையும் என்னை விசாரிக்கப் போறாரோ?"

கெஞ்சலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு. இத்தனை காலம் அந்தத் தாளை எத்தனையோ தரம் அடித்தும் அவளுக்குத் தெரியாமலிருந்த ஒன்று.

"சித்தப்பா, அந்தக் காரிலை நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள்? ரண்டு பேர் இருக்க இடம் கிடந்ததோ?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இடமோ? ஒரு பலகைத் துண்டு. அரைவாசி உடம்புதான் அதிலை. மிச்சம் வெளியிலை. ஒரு கையாலை அவன்ரை கதிரையைப் பிடிக்க வேணும், மற்றக் கையாலை காத்து அடிக்க வேணும்."

"என்னத்துக்குக் காத்து?"

"பெற்றோல் தாங்கிக்குப் பிள்ளை! காத்து அடிச்சால்தான் பெற்றோல் எஞ்சினுக்குப் போகும். சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரித்தான். கை ஓய்ஞ்சால் எஞ்சினும் ஓய்ஞ்சிடும்."

"அப்ப பந்தயம் முடியுமட்டும் அடிச்சனீங்களோ?"

"வேறை ஆர் அடிக்கிறது? ஆ லோக் வளைவிலை என்னைப் பாத்து ஒண்டு கத்துவான். சீனத்திலை. எனக்கு அந்த ஒரு சொல்லுத்தான் தெரியும். அடி எண்டு அர்த்தமோ ஏச்சோ, இண்டைக்கும் தெரியாது."

வாங்கில் இருந்தவர் முன்னால் நகர்ந்து வந்தார். "பிறகு?"

மார்க்கண்டு மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் ரோட்டு. முன்னால் போன கார் எறிந்த கல் நெற்றியில் பட்டது. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினபோதும் கதை இரண்டாவது சுற்றில்தான் நின்றது. அப்போதுதான் பரப்பிக் கிடந்த பம்ப் அவர் கண்ணில் பட்டது.

"நீங்கள் போயிட்டு வாங்கோ அண்ணை" என்றார் தோட்டக்காரர். "வெங்காயம் ஒரு நாள் தாங்கும்."

பஸ்ஸிலும் அவர் நிறுத்தவில்லை. மானிப்பாயில் இறங்கும்போது கார் கடைசி வளைவுக்கு வந்திருந்தது.

வீட்டு வாசல் படலையடியில் பேச்சு நின்றுபோனது. செருப்பைக் கழற்ற அவருக்கு நெடுநேரம் எடுத்தது. நாகேஸ்வரி வெளியே வந்து, "வாரும் தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

சோமசேகரத்தைக் கண்டதும் அவர் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்றுவிட்டார். நல்ல பாரமான மனிதராக இருந்தவர் அண்ணன். இப்போது காலைத் தவிர மற்றதெல்லாம் வற்றிக் கிடந்தது.

"இருடா" என்றார் சோமசேகரம்.

இருந்தார்.

"பல்வைத்தியன் இந்த வருசம் புத்தகம் அடிக்கப்போறானாம். அந்த வெறுமையை என்ன செய்ய எண்டு கேட்டு எழுதியிருக்கிறான். நீ ஒருக்காச் சொல்லு. முதலிலையிருந்து சொல்லு."

மார்க்கண்டு தயங்கித்தான் தொடங்கினார். "எட்டுக் கார் வெளிக்கிட்டது."

"ஒம்பது. ஒண்டு வெளிக்கிட்ட இடத்திலையே நிண்டுபோச்சு."

"ஓமோம், அந்த நீலம். கோயிலடி வளைவிலை ஒரு நாய்…"

"வெள்ளை நாய். பாண்ட் வாத்தியக்காரங்கள் கல்லெறிஞ்சு கலைச்சவங்கள்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் கோட்டடியிலையெல்லோ நிண்டனீங்கள்."

"பாண்ட்காரங்கள் பிறகு சொன்னவங்கள்."

ஞானாம்பிகை கதவடியில் நின்று கேட்டாள். தலையணையை மடித்து ஏற்றமாக்கினார்கள். போர்வை மடிப்பு ரோட்டாயிற்று. மருந்துப் போத்தல் கிளப் கட்டடமாயிற்று. அப்பா முழங்கையை ஊன்றி நிமிரப் பார்த்தார், சித்தப்பா முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தார். நாலாவதாக வந்தவன் பறங்கியோ டச்சுக்காரனோ என்று ஒரு சின்னச் சண்டை வந்து தீர்ந்தது. எல்லாம் பொருந்தி வந்தது, தலையணையின் உச்சிவரை.

"ஏத்தத்திலை என்ரை கை மரத்துப்போச்சு. காத்து நிண்டுபோச்சு. எஞ்சின் செத்துது. வந்த வேகத்திலை கார் அப்பிடியே கோட்டைத் தாண்டினது. தாண்டினாப் பிறகுதான் அண்ணை நான் இறங்கினனான்."

"எந்தப் பக்கத்தாலை இறங்கினனி?"

"இடப்பக்கத்தாலை. நான் இருந்தது அங்காலைதானே."

சோமசேகரம் கண்ணை மூடித் திறந்தார். "நான் நிண்டது வலப்பக்கம். அப்ப காருக்குக் கீழாலைதான் உன்ரை காலைக் கண்டிருக்க வேணும்."

"கீழாலையோ? அந்தக் கார் நிலத்தோடை கிடந்தது அண்ணை. கீழாலை பூனையும் போகாது."

சோமசேகரத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, மார்க்கண்டு நெஞ்சைத் தடவிவிட, மெல்ல அடங்கியது.

"ஆ லோக்கின்ரை காலோ?"

"அவன் சப்பாத்தெல்லோ போட்டவன்."

"நான் கண்டது வெறுங்கால்."

"வெறுங்கால் நான்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோபம் ஒருவர் முகத்திலும் இல்லை. சோமசேகரத்தின் நெற்றி மட்டும் சுருங்கியிருந்தது. தபாலில் புதிதாக ஏதாவது வந்தால் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அவர் இருக்கும் இருப்பு அது. மகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"அப்ப நான் கண்டது என்ன?" என்றார். தன்னிடமே கேட்பது போல இருந்தது. பிறகு, "களைக்குது. கொஞ்ச நேரத்தாலை கதைப்பம்" என்றார்.

மார்க்கண்டு தலையணையை நேராக்கி வைத்தார். நாகேஸ்வரி கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அங்கேயே இருந்தார். அண்ணனுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னமே அது நின்றுபோனது. முதலில் அறிந்தவர் மார்க்கண்டு. அண்ணனின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, நாகேஸ்வரி வந்து பார்க்கும்வரை அப்படியே இருந்தார்.

ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்கப்போவது யாரென்று சனம் குசுகுசுத்தது. மறுநாள் பறைமேளம் முன்னே போக மார்க்கண்டுதான் கொள்ளிச்சட்டியோடு நடந்தார். பேசாமலிருந்த வருடங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் காடாத்து. சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு மத்தியானம் மார்க்கண்டு திரும்பியபோது ஞானாம்பிகை யன்னலோரத்து மேசையில் இருந்தாள். தட்டச்சில் அந்தத் தாள் ஏறியிருந்தது. வீட்டில் வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சித்தப்பா, உங்கடை பேரைப் போடட்டோ? ஆ லோக்கின்ரை பேரையும் உங்கடை பேரையும்."

ஈரத்தலையோடு வந்தவர் குனிந்து பார்த்தார். முதலாவது, இரண்டாவது, பிறகு வெள்ளை.

"அண்ணை என்ன சொன்னவர்?"

"சந்தேகப்பட்டவர்தானே. நீங்களும் கேட்டனீங்கள்."

"சந்தேகப்பட்டவர். ஓம் எண்டு சொல்லேல்லை." அவர் நிமிர்ந்தார். "ரண்டு வாய் வேணும் எண்டவர். இப்ப நான் ஒருத்தன்தான். அப்பிடியே விடு பிள்ளை."

"உங்களுக்கு…"

"விடு எண்டன்."

பக்கத்து வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணியோடு நாகேஸ்வரி வந்து நின்றாள். அந்த மேசையைக் கூட்டித் துடைத்திருக்கிறாளே தவிர, அதிலிருந்த தாள்களை ஒருநாளும் திரும்பிப் பார்த்தவளல்ல. இப்போது பார்த்தாள்.

"இவ்வளவு தாளுக்கையும் அவரின்ரை பேர் எங்கை கிடக்கு?"

ஞானாம்பிகை யோசித்தாள். முதலாவது தாளிலிருந்து கடைசிவரை மனதுக்குள் புரட்டினாள்.

"இல்லை அம்மா."

"ஒரு இடத்திலையும் இல்லையோ?"

"அப்பா ஓடேல்லையே அம்மா. ஓடினவையின்ரை பேர்தான் இது."

மார்க்கண்டு தேத்தண்ணியை வாங்காமல் நின்றார். பிறகு தாளின் அடியைக் காட்டினார். "கோட்டடியிலை நிண்டு குறிச்சவர் சோமசேகரம் எண்டு போடு. அதை அவரும் சொன்னவர். நானும் சொல்லுறன்."

அவள் தாளைக் கீழே நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். நாகேஸ்வரி பக்கத்தில் குனிந்து நின்று எழுத்துகள் விழுவதைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

"எது அவரின்ரை பேர்?"

ஞானாம்பிகை தொட்டுக் காட்டினாள்.

நாகேஸ்வரி இன்னும் கிட்டக் குனிந்தாள். "இவ்வளவு சின்னனோ?" என்றாள்.

கையிலிருந்த தேத்தண்ணி தாளில் சிந்திவிடாமல், அதை எட்டத் தள்ளிப் பிடித்தபடி அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.