எழுபதுக்குக் கீழே இறங்காத பேட்டரி

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது.

"இந்த மனுஷனால என் பொழப்பே போகப்போகுதுடி" என்றாள் அக்கா.

"மாமா என்ன பண்ணாரு?"

"ஒரு தப்பும் பண்ணல. எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணாரு. அதான் பிரச்சினை."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாததை எழுதிப் பார்த்தால் புரிந்துவிடும் என்பது எழுதுகிறவர்களின் மூடநம்பிக்கை. எனக்கும் அது உண்டு. உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அந்த மின்சாரக் கார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து—"

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் இரண்டாம் பக்கத்தில் கார் வாய் திறந்து பேசிவிடும்.

இரண்டாம் தொடக்கம்: "மாமா ஒரு—"

ஒரு என்ன? கஞ்சன் இல்லை. பிடிவாதக்காரர் என்றும் சொல்ல முடியாது. நல்லவர் என்று எழுதினால் அக்கா என்னோடு பேச மாட்டாள்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்கா பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பவள். அவள் பார்க்கிறவர்களில் ரொம்பத் தொலைவில் இருப்பவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தவரை இப்போதுதான் நாலடி நடக்க வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் வேறு பிசியோதெரபிஸ்ட் யாரும் போவதில்லை. அக்காவின் மின்சாரக் காரோ, இப்போதெல்லாம் முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் டீச்சர் வீடு வரை போகிறது, திரும்பி வருவதில்லை. போன தடவை இழுவை வண்டியில்தான் வீடு வந்து சேர்ந்தாள்.

(வழியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். வழியில் இருப்பது ஒரே ஒரு சார்ஜர். அது வேலை செய்த நாளை அக்கா விசேஷ நாளாகச் சொல்கிறாள்.)

3

இனி மாமா. கார் வாங்கியபோது யாரோ சொன்னார்களாம், எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதே, பேட்டரி நீடித்து உழைக்கும் என்று. அன்று பிடித்தவர் விடவில்லை. அக்கா அவருக்கு வைத்திருக்கும் பெயரே "எண்பது". வெயிலில் நிறுத்த மாட்டார். ஏசி போட விடமாட்டார். பொத்திப் பொத்தி வளர்த்தார்.

வாரண்டி என்ன சொல்கிறது? எட்டு வருடத்துக்குள் பேட்டரியின் பலம் எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் கம்பெனியே இலவசமாக வேறு பேட்டரி மாற்றித் தரும்; சொந்தக் காசில் வாங்கக் கட்டுப்படியாகாது. வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது சோதித்தார்கள்.

எழுபத்தொன்று.*

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதன் பலன், வேலைக்கு உதவாத, ஆனால் மாற்றவும் முடியாத ஒரு பேட்டரி. நல்லதுக்குக் காலமில்லை என்று இங்கே எழுதி அடித்துவிட்டேன். பேட்டரிக்கு இன்னும் காலம் இருந்ததுதான் இங்கே கோளாறு.

* எண்பது என்பது தினமும் ஏற்றும் சார்ஜ். எழுபத்தொன்று என்பது தேய்ந்தது போக பேட்டரிக்கு மிச்சமிருக்கும் பலம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

4

ஆக, ஒரு மாதத்துக்குள் பேட்டரியைக் கெடுத்தாக வேண்டும். தினமும் நூறு வரை ஏற்றுவது, நட்டநடு வெயிலில் நிறுத்துவது, அடி மட்டம் வரை ஓட்டித் தீர்ப்பது. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

(இது ஏமாற்றா? கார் அவளுடையது, ஓட்டுவது அவள் இஷ்டம். இருந்தாலும் எழுதும்போது கை கூசுகிறது. ஏன் கூசுகிறது என்றும் சொல்லத் தெரியவில்லை. ஒரு பொருள் கெட்டுப்போகட்டும் என்று வாசகரை வேண்டிக்கொள்ள வைக்கும் கதையை இதுவரை நான் எழுதியதில்லை.)

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் அக்கா கொஞ்சம் சீக்கிரமே வீடு திரும்பினாள். வெயிலில் அவள் சார்ஜில் போட்டு நிறுத்திவிட்டுப் போன காரின் மேல் போர்வை போர்த்தியிருந்தது. பக்கத்தில் மாமா, கையில் சார்ஜர் ஒயரோடு. திரையில் எண்பது.

"என்னங்க இது?"

"இல்ல... ரொம்பச் சூடாயிருந்துச்சு."

"தினமும் பிடுங்குறீங்களா?"

மாமா தலை குனிந்தார். "நல்லா இருக்கிற ஒண்ண என் கையாலயே கெடுக்க மனசு வரலம்மா."

"பேட்டரி பாவமா, டீச்சர் பாவமா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். நான் அவருக்கு ஒரு பதில் எழுதித் தரப் பார்த்தேன். "ரெண்டும்—" என்று ஆரம்பித்த வாக்கியம் அதோடு நிற்கிறது. எனக்கு மாமா மேல் கோபமாக வந்தது. அதே நேரம் அவரை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை.

5

வாரண்டியின் கடைசி நாள். மறுபடியும் சோதனை. எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

ஒன்று: அறுபத்தொன்பது, எல்லாருக்கும் சந்தோஷம். இப்படி எழுதினால் மாமா தினமும் பிடுங்கினாரே, அதை என்ன செய்வது?

இரண்டு: சர்வீஸ்காரர் மனமிரங்கி ஒரு எண்ணைக் குறைத்துப் போடுகிறார். அந்த மனுஷனின் வேலைக்கு உலை வைக்க எனக்கு என்ன உரிமை?

மூன்றாவது, நடந்தது. நானும் கூடப் போயிருந்தேன்.

காத்திருக்கும் அறைக்குள் சர்வீஸ்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். "எழுபது சார். கீழ போகல. இத்தனை வருஷ வண்டிக்கு இது பெரிய விஷயம். ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க."

மாமா சிரித்துவிட்டார். கண் மூடித் திறக்கும் நேரம்தான். தன்னை மறந்து, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. அடுத்த நொடியே முகம் செத்துவிட்டது.

அக்கா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. போனை எடுத்து டீச்சருக்குப் போட்டாள், ஸ்பீக்கரில்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா" என்றார் டீச்சர். மூச்சு வாங்கியது. "இன்னைக்குச் சுவரப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன். நாளைக்கு நீ வரும்போது நானே கதவத் திறக்கிறேன். எத்தன மணிக்கு வர்ற?"

அக்கா போனை மாமாவின் கையில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க."

6

"டீச்சர், நாளைக்கு—"

"டீச்சர், மன்னிச்சுக்கோங்க, நான்—"

"எப்படியாவது நானே கூட்டிட்டு—"

மூன்றும் நான் எழுதி அடித்தவை. மாமா உண்மையில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அவர் சொன்னது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அது நடக்கக் கூடாது.

போன் உங்கள் கையில் இருக்கிறது. அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள். டீச்சர் இன்னும் லைனில் இருக்கிறார்.